ஏரியும் ஊரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். நீத்தாரையும் அறத்தையும் பேசுமுன் மழையைப் பேசிய அவ்வைப்புமுறை எண்ணத்தக்கது. மழை இல்லையேல் வழிபாடும் இல்லை, வாழ்வும் இல்லை என்பது அதன் உட்கிடை. ஆனால், வானம் தருவது மழையை மட்டுமே. அம்மழையை ஆண்டு முழுதும் பயன்படும் நீராக ஆக்கிக்கொள்வது மாந்தரின் பொறுப்பு. புறநானூற்றின் 18-ஆம் பாடலில் குடபுலவியனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரை இதனைக் குறித்ததே. போர்ப்புகழில் திளைத்திருந்த மன்னனிடம், நிலையான புகழ் வேண்டுமாயின் நீர்நிலை அமைத்துக் கொடு என்று ஒரு புலவர் எடுத்துரைத்தார். மன்னன் அமைத்துக் கொடுக்கலாம். ஆனால் அதனை ஆண்டுதோறும் காத்து நிற்பவர் யார்? இவ்வுரை ஆராயப் புகுவது அவ்வினாவையே.

மாறிய மழை

இவ்வினா பழமை பேசுவோரின் பொழுதுபோக்கு அன்று. அண்மைக்காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றை வரிசைப்படுத்தினால் அது விளங்கும். 2015 திசம்பர் முதல் நாளை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, சென்னை வெள்ளக்காடாயிற்று. அடுத்த ஆண்டு, 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் தத்தளித்த மாநிலம், 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்படும் நிலையை அடைந்தது. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வற்றின. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அப்பகுதிக்கு ஓராண்டு முழுதும் கிடைக்கும் மழையைவிட இது மிகுதி. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளக்கரைகள் பல உடைந்தன.

இதன் காரணத்தை அறிவியலார் எளிதாகவே விளக்குகின்றனர். வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியது பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். பெய்யாதபோது வெயில் மண்ணின் ஈரத்தை முன்னிலும் விரைவாக உறிஞ்சும். ஆகவே வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. ஒரே மாற்றத்தின் இரு முகங்கள்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமே தருகிறது. அதுவும் ஒருசில நாட்களில், சில மணி நேரங்களில் பெய்து முடிவது. அம்மழையைத் தடுத்து நிறுத்தி, வெள்ளத்தைத் தணித்து, கோடைக்கு ஈரம் சேர்த்து வைக்கும் அமைப்பு ஏதேனும் உண்டா எனின், உண்டு. அது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. வடமாவட்டங்களில் ஏரி என்றும், நெல்லையில் குளம் என்றும், மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் கண்மாய் என்றும் வழங்கும் அது, சற்றேறக்குறைய 39,000 என்னும் எண்ணிக்கையில் தமிழ் நிலமெங்கும் விரவிக் கிடக்கிறது.

ஏரியின் உறுப்புகள்

ஏரி என்பது பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அன்று. அது பல உறுப்புகளைக் கொண்ட ஓர் உடல். மேட்டு நிலத்தில் விழும் மழையை வரத்துக்கால் கொண்டுவந்து சேர்க்கிறது. மூன்று புறமும் வளைந்து நிற்கும் மண்கரை அதனைத் தாங்குகிறது. கரையின் அடியில் அமைந்த மதகின் வழியே ஆயக்கட்டு வயல்களுக்கு நீர் செல்கிறது. கொள்ளளவுக்கு மிஞ்சிய நீர் கலிங்கின் வழியே வழிந்தோடுகிறது. வழிந்த நீர் வீணாவதில்லை. கீழே உள்ள அடுத்த ஊரின் ஏரிக்கு அதுவே வரத்து. இவ்வாறு ஓர் ஏரியின் மறுகால் மற்றோர் ஏரியின் வாயாக, சங்கிலித் தொடராக ஏரிகள் அமைந்தன.

இத்தொடரில் ஓர் அறமும் அடங்கியுள்ளது. மேலூரார் தம் கலிங்கைக் கல்லிட்டு உயர்த்தினால் கீழூரார்க்கு நீர் குறையும். மேலூரின் நீர்பிடிப்பில் உள்ள வயல்களும் மூழ்கும். மேலூரார் கரையைப் பேணாது விட்டு அது உடைந்தால், அவ்வெள்ளம் கீழ் ஏரியின் கரையையும் சேர்த்து உடைக்கும். ஓர் ஊரின் சோம்பல் பிறிதோர் ஊரின் அழிவாக முடியும். கரையில் பனை நட்டதும், ஐயனாரைக் காவலுக்கு வைத்ததும் இப்பொறுப்பை உணர்ந்த மக்களின் செயல்களே. பனை வேர் கரை மண்ணை இறுகப் பிடிக்கிறது; ஐயனார் மீதுள்ள அச்சம் கரையை வெட்டுவோரின் கையைப் பிடிக்கிறது.

ஏரி வாரியம்

இப்பொறுப்பை ஊரார் எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. அக்குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவருள் அறுவர் ஏரியின் மேலாண்மைக்கு அமர்த்தப்பெற்றனர். அவர்தம் பதவிக்காலம் 360 நாட்கள். 35 வயதுக்கு மேற்பட்டும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருத்தல் ஆகாது. முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமில்லை. பொதுச்சொத்தை மேலாள்வதில் எங்கே கறை படியும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்து வகுத்த விதிகள் இவை.

பொறுப்பைக் கொடுத்த ஊர் வருவாயையும் கொடுத்தது. ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையால் வரும் வருவாய் அவ்வேரியின் மண்ணை வாரச் செலவிடப்பட்டது. ஓடமிட்டு மண்ணெடுக்க அறக்கட்டளை வைத்த செய்திகளும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. ஏரி தந்ததை ஏரிக்கே திருப்பித் தரும் ஏற்பாடு இது.

அமெரிக்க அறிஞர் காரெட் ஆர்டின் 1968-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பொதுவில் உள்ள வளத்தை ஒவ்வொருவரும் தத்தம் நலம் கருதி மிகுதியாகப் பயன்படுத்துவர், இறுதியில் அனைவரும் அழிவர் என்று வாதிட்டார். அதனால் ஒன்று அரசு கைக்கொள்ள வேண்டும், அன்றேல் தனியாரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. இக்கருத்தை மறுத்தவர் எலினார் ஆசுத்திரம் அம்மையார். நேபாளத்து வாய்க்கால்கள், சுவிட்சர்லாந்து மலைமேய்ச்சல் நிலங்கள், எசுபானிய நாட்டுப் பாசன அமைப்புகள் முதலியவற்றை ஆராய்ந்து, பொதுவளத்தை மக்களே நெடுங்காலம் காத்து வந்துள்ளனர் என்று நிறுவினார். எல்லை தெளிவாக இருத்தல், விதிகளைப் பயன்படுத்துவோரே வகுத்தல், கண்காணிப்போர் அவர்க்குள்ளேயே இருத்தல், தவறுக்கு ஏற்ற தண்டனையைப் படிப்படியாக உயர்த்துதல், அம்மக்களின் உரிமையை அரசு ஏற்றல் ஆகியவை அவர் கண்ட நெறிகளுள் சில. 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவர். அவர் வகுத்த நெறிகளை உத்திரமேரூர்க் கல்வெட்டின் அருகில் வைத்துப் படிப்போர்க்கு வியப்பு உண்டாதல் இயல்பு.

பழமையின் மறுபக்கம்

எனினும், வியப்போடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. உத்திரமேரூர்ச் சபை வேதம் பயின்ற நிலவுடைமையாளரின் சபை. நிலம் இல்லாதவர்க்கும், வேதக் கல்வி இல்லாதவர்க்கும், பெண்டிர்க்கும், வயலில் இறங்கி உழைத்தோர்க்கும் அதில் இடமில்லை. பின்னாளைய ஊர்களிலும் நிலை இதுவே. மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டவர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் என்று இடத்துக்கு இடம் வேறுபெயரால் வழங்கப்பட்டனர். அவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். நிலமில்லாதவர் பங்கிட்டால் நடுவுநிலை இருக்கும் என்னும் நுட்பம் அதில் உண்டு. நள்ளிரவில் கரை கசிந்தாலும் ஓடிச் செல்ல வேண்டியவர் அவரே என்னும் கொடுமையும் அதில் உண்டு. அவருக்குக் கூலி அறுவடையில் சில நெற்கதிர்கள். ஊர்க்கூட்டத்தில் குரல் இல்லை.

குடிமராமத்து என்பதும் இவ்வாறே இருபொருள் கொண்டது. குடிகள் கூடி ஆண்டுதோறும் வரத்துக்காலைச் செப்பம் செய்தலும், கரையை உயர்த்தலும், தூர் வாரலும் அதன் ஒருபக்கம். மண் சுமக்க வேண்டியவர் யார், நீரை முதலிற் பெறுபவர் யார் என்பன முன்பே சாதியாலும் நிலத்தாலும் முடிவாகிவிட்டிருந்தமை மறுபக்கம். ஆங்கிலேயர் 1858-இல் இயற்றிய சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வுழைப்பைச் சட்டத்தின் வழியே வாங்க முயன்றது. பெயரே அதன் தன்மையைச் சொல்லும். ஏரிப் பராமரிப்புக்குரிய மானிய நிலங்கள் பல அரசின் வரிக்கணக்கில் சேர்ந்தன; மக்களிடம் கடமை மட்டும் எஞ்சியது. உரிமையற்ற கடமை நெடுநாள் நில்லாது என்பதை அடுத்து வந்த நூற்றாண்டு காட்டிற்று. ஆங்கிலேயர் வருமுன் எல்லாம் செழித்திருந்தது என்பதும் முழு உண்மையன்று. 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் தொண்டை நாட்டு ஏரிகள் பல சிதைந்தே கிடந்தன.

ஏரி அரசின் உடைமை ஆயிற்று

விடுதலைக்குப் பின் 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் பொதுப்பணித் துறையின் வசமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் வசமும் இருந்தன. மீன் குத்தகை, கரை மரங்கள் ஆகியவற்றின் வருவாய் ஏரிக்குத் திரும்பவில்லை. மின்னேற்றிகள் பரவின, பின்னர் உழவுக்குக் கட்டணமில்லா மின்சாரமும் வந்தது. தன் கிணற்றில் நீர் உள்ளவர்க்கு ஏரி எதற்கு? ஆயக்கட்டின் செல்வர்கள் கிணற்றுக்கு மாறியதும் ஊர்க்கூட்டம் வலுவிழந்தது. எஞ்சியவர் ஏழை உழவர். அவரால் வரத்துக்காலின் ஆக்கிரமிப்பைத் தட்டிக் கேட்க இயலவில்லை. கிணற்றுக்கு ஊற்றைத் தருவதும் ஏரியே என்பதை, ஏரி வறண்டு கிணறும் வறண்ட பின்னரே பலர் உணர்ந்தனர். 1960-களில் ஏறத்தாழ 9 இலட்சம் எக்டேர் நிலம் ஏரிப்பாசனம் பெற்றது. பின் வந்த நாற்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

நகரங்களில் ஏரிகள் பெயராகவே மிஞ்சின. மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச் செய்து தியாகராய நகர் எழுந்தது 1920-களில். பிற ஊர்களில் சீமைக் கருவேலம் ஏரியின் வயிற்றை நிரப்பியது. அதனை அகற்றுமாறு 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியதாயிற்று. ஊர் செய்ய வேண்டியதை நீதிமன்றம் நினைவூட்டிய நிலை அது.

மீண்டும் குடிமராமத்து

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பாசன அமைப்புகளின் மேலாண்மையில் உழவர்க்குப் பங்களிக்கும் தமிழகச் சட்டம் 2000-ஆம் ஆண்டினது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007-ஆம் ஆண்டினது. 2016-இன் வறட்சியை அடுத்து, 2017 மார்ச்சில் குடிமராமத்து என்னும் பழம்பெயரையே தாங்கிய அரசுத் திட்டம் தொடங்கியது. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாய் மதிப்பில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு உழவர் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தருதல் வேண்டும் என்பது விதி. ஏரிகள் பல ஆழமாயின. வண்டல் வயலுக்குச் சென்றது. ஆயினும், பல இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே பணி செய்தனர் என்னும் குறை அந்நாளிலேயே எழுந்தது. குடி என்ற சொல் மீண்டது. குடி மீண்டதா என்பது ஐயத்திற்குரியதாகவே நின்றது.

இதற்கு மாறான காட்சிகளும் உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை ஊக்குவித்த வயலகம் என்னும் உழவர் சங்கங்கள், தம் பங்கைத் திரட்டி, தம் ஏரியின் பணியைத் தாமே திட்டமிட்டன. ஒரே நீர்த்தொடரில் உள்ள ஊர்ச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. தொடர்ஏரிக்குத் தொடர்சங்கம் என்னும் இக்கருத்து கடும்மழைக் காலத்திற்கு இன்றியமையாதது. ஒரே நாளில் ஓராண்டு மழை பெய்யும்போது தன் கரையை மட்டும் காத்து எந்த ஊரும் தப்ப இயலாது. மேல் ஏரி நிறைந்த செய்தி கீழ் ஏரிக்கு உரிய நேரத்தில் சென்றாக வேண்டும். எந்த மதகை எப்போது திறப்பது என்பதை ஊர்கள் முன்னரே கூடி முடிவு செய்திருத்தல் வேண்டும்.

ஏரி நெல்லுக்கு மட்டும் உரியது அன்று என்பதை வேடந்தாங்கல் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவர்கள், அப்பறவைகளைச் சுடாது காக்கும் உரிமைக்குக் கும்பினி ஆட்சியின் அதிகாரியிடமே ஒப்புதல் பெற்றனர். 2022-இல் வேடந்தாங்கல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களின் இராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்த அதிகாரியும் இட்ட கட்டளை அன்று அது. ஊர் தனக்குத் தானே இட்டுக்கொண்ட நெறி.

குடி என்பது யார்?

ஆகவே, இன்று தெளிவு பெற வேண்டிய வினா இதுவே: குடிமராமத்தில் குடி என்பது யார்? ஆயக்கட்டில் நிலம் உடையவர் மட்டுமே எனின், உத்திரமேரூரின் குறை இன்றும் தொடர்கிறது என்பது பொருள். ஏரியில் மீன் பிடிப்பவர், மண் எடுத்துக் கலயம் வனையும் குயவர், ஆடுமாடு மேய்ப்பவர், ஊருணியில் குடிநீர் எடுக்கும் பெண்கள், வயலில் கூலிக்கு நாற்று நடுவோர் ஆகிய அனைவரும் ஏரியால் வாழ்பவர். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நடந்த நூறுநாள் வேலையில் ஏரிக்குள் இறங்கி மண்வெட்டியும் கூடையும் ஏந்தியோரில் பெரும்பாலோர் பெண்கள். ஏரியின் ஆழமும் மேடும் அவர்கள் காலுக்குத் தெரியும். ஆனால், நிலப்பட்டா அவர்கள் பெயரில் இல்லாமையால் பாசனச் சங்கத்தின் பேரேட்டில் அவர்கள் பெயரும் இல்லை. ஏரியைச் சுமந்தவர் ஏரியைப் பற்றிப் பேசும் உரிமை அற்றவராக இருக்கும்வரை ஊர்க்கூட்டு என்பது பாதி ஊரின் கூட்டே.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, கடமையோடு உரிமையும் வருவாயும் சேர்ந்து வருதல் வேண்டும்; மீனும் மரமும் தரும் பணம் அவ்வேரிக்கே திரும்புதல் வேண்டும். இரண்டாவது, ஏரியால் வாழும் அனைவர்க்கும் சங்கத்தில் இடம் வேண்டும். கணக்கு ஊரார் முன் படிக்கப்படுதல் வேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்கலாகாது என்னும் பழைய விதியைப் புதுப்பிப்பதில் இழுக்கொன்றும் இல்லை. மூன்றாவது, அரசு விலகி நிற்பது மக்கள் பங்கேற்பு ஆகாது. வரத்துக்காலை வளைத்த வலியவரை எளியவர் எதிர்கொள்ளும்போது, சட்டம் எளியவர் பக்கம் நிற்றல் வேண்டும்.

இலக்கிய அன்பர்க்கு இதில் என்ன பணி என்று வினவலாம். மதகு, கலிங்கு, மறுகால், தாங்கல், ஏந்தல், வரத்துக்கால் என்னும் சொற்கள் அகராதிக்குள் ஒடுங்கும்போது, அவை குறித்த பொருள்களும் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றன. பெயர் தெரியாத வாய்க்காலைத் தூர்ப்பது எளிது. முக்கூடற்பள்ளு, மழையையும் வெள்ளத்தையும் நெல்வகைகளையும் மீன்களையும் உழைக்கும் மக்களையும் பெயர் சொல்லிப் பாடி வைத்தமையால் ஒரு காலத்து நீர்வாழ்வு இன்றும் அறியக் கிடக்கிறது. தத்தம் ஊர் ஏரியின் வரத்து எங்கிருந்து, மறுகால் எங்கே, அதன் மதகுகளின் பெயர் யாவை என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது ஓர் இலக்கிய வட்டத்தின் பணிக்குப் புறம்பானதன்று. ஆக்கிரமிப்பு வழக்கில் அவ்வேடே சான்றாக நிற்கவும் கூடும்.

பழங்கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இவ்வறத்தைப் பின்வரும் நாளில் காப்பவர் எவரோ அவர்தம் அடி தம் தலைமேல் ஆகுக என்னும் கருத்து வருவதுண்டு. கொடுத்த மன்னன், காக்கப்போகும் பெயரறியாக் குடிமகனை வணங்கும் வணக்கம் அது. அவ்வணக்கம் இன்னும் கல்லில் இருக்கிறது. அதனை ஏற்பதற்குரிய தகுதியை, அடுத்த ஐப்பசி மழைக்குமுன் ஒவ்வோர் ஊரும் தன் கரைமேல் நின்று தேடிக்கொள்ளல் வேண்டும்.